ஆற்றில் விட்ட துணி எங்கே போகிறது?

தாமிரபரணி பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயேதான். பொதிகை மலையில் தொடங்கி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்குத் தண்ணீர் தருகின்றன. இரண்டு மழைக்கும் நடுவில் மலையுச்சியின் சோலைக்காடும் புல்வெளியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. வற்றாத ஆறு என்று நெல்லைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு இந்தக் காடுதான் காரணம்.

அந்தக் காட்டின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1988இல் அமைந்த இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியும் இது. அந்த உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. காரையாறும் சேர்வலாறும் முண்டந்துறைப் பீடபூமியில் ஒன்றுசேர்ந்து, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலையோ கிடையாது. மரம் வெட்ட முடியாது, வேட்டையாட முடியாது, இரவில் வண்டி ஓட்டவும் முடியாது. இத்தனை பாதுகாப்பு இருந்தும் ஆற்றுக்குள் குப்பை சேர்கிறது. அது எப்படிச் சேர்கிறது, தண்ணீரை என்ன செய்கிறது, எதைச் செய்தால் குறையும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாபநாசத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு துக்கத்தையோ பயத்தையோ சுமந்துகொண்டு வருகிறவர்கள். அஸ்தி கரைக்க, திதி கொடுக்க, தோஷம் கழிக்க, நோய் தீர வேண்டிக்கொள்ள என்று வருகிறார்கள். பாபநாசநாதர் கோயில் முன்னால் படித்துறையில் இறங்கி முழுகி எழுகிறார்கள். உடுத்தியிருந்த சேலையையோ வேட்டியையோ அப்படியே ஆற்றோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கரையேறுகிறார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்பது நம்பிக்கை. அமாவாசைக்கு அமாவாசை இது நடக்கிறது. தன்னார்வலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஆற்றுக்குள் இறங்கி டன் கணக்கில் துணியை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்குப் பாறை இடுக்குகளில் மறுபடியும் துணி தொங்கும்.

ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். இன்றைக்கு ஆற்றில் விடப்படும் சேலைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டரோ பாலியஸ்டர் கலந்தவையோதான். ஐந்தரை மீட்டர் நீளத் துணி நனைந்ததும் கனத்து, நீரோட்டத்தில் கொஞ்ச தூரம் புரண்டு போகும். முதலில் வரும் பாறையிலோ வேரிலோ ஒரு முனை மாட்டிக்கொள்ளும். மீதி, தண்ணீருக்குள் வாலாக நீண்டு அலையும். அதில் அடுத்தடுத்து வருகிற துணிகள் சிக்கும். ஷாம்பு பாக்கெட், பூமாலை நார், தேங்காய் மட்டை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஒட்டும். சில வாரங்களில் மணலும் வண்டலும் படிந்து, அந்த இடமே ஒரு சின்னத் தடுப்பாக மாறிவிடும். தண்ணீர் அங்கே தேங்கும். கீழே கூழாங்கல் படுகை மூடிப்போகும்.

அந்தக் கூழாங்கல் படுகை லேசான விஷயமில்லை. ஓடும் நீரில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்கள் கல்லுக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தின்றுதான் சிறுமீன்கள் வளர்கின்றன. கல்லிடுக்கில் முட்டையிடும் மீன்களும் உண்டு. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை மீன் ஒன்று இருக்கிறது. தாமிரபரணி நீர்த்தொகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்கு வீடு கிடையாது. அதன் வீட்டுக்கு மேல்தான் நாம் துணியைப் போர்த்துகிறோம். அந்த மீன்களை நம்பி நீர்நாய்கள் வாழ்கின்றன. குளிக்க இறங்குகிறவர்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. நீருக்குள் அலையும் சேலை காலில் சுற்றிக்கொண்டால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் உதறிவிட்டு எழுவது பெரும்பாடு.

பருத்தி வேட்டியாக இருந்தால் மக்கிவிடுமே என்று கேட்கலாம். மக்கும். ஆனால் மக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதை நீரிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் மக்கவே மக்காது. உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து தண்ணீரோடு போகும். வேட்டி ஒரு வகையில் கெடுதல், சேலை இன்னொரு வகையில் கெடுதல்.

இங்கே நீரின் தரம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெளிவாக இருக்கிறது, நாற்றமில்லை, அதனால் நல்ல தண்ணீர் என்று கண்ணாலும் மூக்காலும் முடிவுகட்டுகிறோம். ஆய்வகத்தில் பார்ப்பது வேறு. முக்கியமாக மூன்று அளவுகள்.

முதலாவது, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். கோடையில் தண்ணீர் சூடேற ஏற, மீனுக்கு மூச்சு குறைகிறது என்று அர்த்தம். நேரடியாகக் குடிநீருக்கு எடுக்கும் ஆற்றில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, குளிக்கும் இடத்தில் 5க்குக் குறையக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை.

இரண்டாவது, நீரில் கிடக்கும் அழுகும் பொருளைத் தின்று செரிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு. பி.ஓ.டி. என்று அறிக்கைகளில் வரும். மாதிரியை எடுத்து, 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்திருந்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்பார்கள். முதல்தர ஆற்றுநீரில் இது 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குளிக்கும் நீரில் 3. படித்துறையில் கொட்டும் மிச்சச் சோறு, பாயசம், பழம், பூ எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் நீரில் மக்கித் தீர ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்று வைத்துப் பெருக்கினால், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனும் அதற்குச் செலவாகிவிடும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பன்னிரண்டை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு தண்ணீர். ஆறு பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை மறுபடி பெற்றுக்கொள்கிறது என்பதால்தான் இதுவரை தப்பித்து வருகிறது.

மூன்றாவது, கோலிஃபார்ம் பாக்டீரியா. மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் இந்தக் கூட்டத்தில் அடக்கம் என்பதால், நீரில் மலம் கலந்திருக்கிறதா என்பதற்கு இதை அடையாளமாகக் கொள்கிறார்கள். நூறு மில்லிலிட்டரில் 50 வரை இருந்தால், கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம். 500 வரை குளிக்கலாம். பெரிய கூட்டம் கூடி, போதிய கழிப்பறை இல்லாத எந்தக் கரையிலும் முதலில் எகிறுவது இந்த எண்தான். இந்தத் தண்ணீரைப் பார்த்தால் பளிங்காகத்தான் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் இந்த மூன்று அளவுகளிலும் சரியாகப் பிடிபடாதவை. நீரின் மேல்பரப்பில் ஒரு மெல்லிய இழுவிசை இருக்கிறது. நீர்ப்பூச்சிகள் மூழ்காமல் மேலே நடப்பது அதனால்தான். சோப்பு நுரை அதைக் குலைத்துவிடும். மீனின் செவுளையும் அரிக்கும். தலையில் அப்பிய நல்லெண்ணெய் ஏடாகப் பரவி, காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கும்.

இனி, காப்பகத்துக்குள்ளேயே நடப்பதற்கு வருவோம். காரையாற்றின் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. தென்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுவார்கள். ஒருகாலத்தில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டு, நாள்கணக்கில் தங்கி, கிடா வெட்டி, பொங்கல் வைத்து, ஆற்றிலேயே குளித்து, ஆற்றங்கரையிலேயே எல்லாவற்றையும் முடித்துத் திரும்புவார்கள். நினைத்துப் பார்த்தால், ஒரு நடுத்தர நகரமே கழிவுநீர்க் குழாய் இல்லாமல் சில நாள் புலிக்காட்டுக்குள் குடியேறிப் போவது மாதிரி.

இதில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தங்கும் நாட்களைக் குறைத்திருக்கிறார்கள். தனி வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்தி, அகத்தியர்பட்டியிலிருந்து அரசுப் பேருந்தில் அழைத்துப் போகிறார்கள். பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தைச் சேர்ந்தவர்களும் மாணவர்களும் திருவிழாவில் நின்று குப்பை மேலாண்மைக்கு உதவி வருகிறார்கள். வேலை செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆடி அமாவாசை சாட்சி. கூடுகிற கூட்டத்தை வைத்துப் பார்த்தால், இன்று அங்கே கிடக்கும் குப்பை முன்பைவிடக் குறைவு.

ஆனால் கண்ணாடி பாட்டில் இன்னும் போகிறது. காட்டில் உடைந்த பாட்டில் துண்டு ஒன்று கிடந்தால், அதை மிதிக்கும் யானைக்குப் பாதத்தில் ஏறும். சீழ் வைத்தால் மெல்ல மெல்ல அதைச் சாய்த்துவிடும். உப்புச்சுவை ஒட்டிய பிளாஸ்டிக் பையை மிளா தின்னும். மூட்டையாகக் கட்டி வைத்த குப்பையைக் குரங்குகள் பிரித்து இறைத்துவிடும். பிறகு முதல் மழைக்கு எல்லாம் ஆற்றுக்கு வந்துசேரும். பள்ளத்தாக்கு என்றாலே அப்படித்தான். எந்தச் சரிவில் எறிந்தாலும் கடைசியில் அது தண்ணீருக்குள்தான். அந்தத் தண்ணீரைத்தான் சின்னமயிலாறு போன்ற குடியிருப்புகளில் காணிப் பழங்குடி மக்கள் அன்றாடம் புழங்குகிறார்கள்.

எல்லோரும் தவறவிடுகிற ஒரு கணக்கு இருக்கிறது. ஆற்றில் விழும் குப்பை எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. அந்த நேரம் ஆற்றில் ஓடும் தண்ணீர் எவ்வளவு என்பது மறுபாதி. ஆடி மாதம் தென்மேற்குப் பருவமழைக் காலம். பெரும்பாலும் ஓட்டம் இருக்கும். சித்திரை அப்படியில்லை. கார், பிசானம் இரண்டு சாகுபடியும் முடிந்து, பாபநாசம் அணையிலிருந்து பெரும்பாலும் குடிநீருக்காக மட்டும் திறந்துவிடும் காலம் அது. வெயிலில் நீர் சூடேறி ஆக்சிஜனும் குறைந்திருக்கும். பாபநாசத்தில் சித்திரை விசுத் திருவிழா சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது. ஒரே அளவு சோப்பும் சோறும் துணியும் ஐப்பசியில் விழுந்தால் அடித்துக்கொண்டு போகும். சித்திரையில் விழுந்தால் அங்கேயே கிடந்து ஊறும். என்னைக் கேட்டால், ஆடியைவிடச் சித்திரைக்குத்தான் கூடுதல் காவல் வேண்டும் என்பேன்.

அடித்துக்கொண்டு போவதும் தீர்வில்லை. பாபநாசத்துக்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டுத் தடுப்பணைகள் இருக்கின்றன. ஓடிவருவது ஒவ்வொன்றிலும் வேகம் தணிந்து படியும். பிறகு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று ஊர்களின் சாக்கடை சேரும். 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 ஆற்றுப்பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. அதில் தாமிரபரணியும் இருந்தது, பாப்பாங்குளத்திலிருந்து ஆறுமுகநேரி வரை. ஐந்து படிநிலைகளில் கடைசிப் படிநிலையில், அதாவது பி.ஓ.டி. 3 முதல் 6 வரை உள்ளவற்றில் வைத்திருந்தார்கள். மோசமான ஆறுகளோடு ஒப்பிட்டால் இது லேசான நோய். லேசாக இருக்கும்போதே பார்த்தால் மீட்டுவிடலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் எத்தனையோ கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு இந்த ஆற்றின் உறைகிணறுகள்தான் ஆதாரம்.

வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவது தனிக் கதை. 2024 டிசம்பரில், கேரளத்து மருத்துவமனைகளின் கழிவு நெல்லை மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டுக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட, கேரள அரசே லாரிகள் அனுப்பி அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போயிற்று. கொட்டியவர் செலவிலேயே எடுக்க வைக்கலாம் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். ஆனால் இரவோடு இரவாக லாரியில் வரும் கழிவைப் பிடிக்கச் சாவடியும் போலீசும் போதும். பக்தியோடு ஒருவர் கையிலிருந்து நழுவிப்போகும் சேலையைப் போலீஸ் பிடிக்க முடியாது.

சட்டம் இருக்கிறது. நீர்நிலையில் மாசுப்பொருள் கலப்பதை 1974ஆம் ஆண்டு நீர்ச்சட்டம் தடுக்கிறது. சரணாலயத்துக்குள் வன உயிருக்குக் கேடான பொருளைப் பயன்படுத்துவதை 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டம் தடுக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தாமிரபரணியைத் தூய்மையாக வைக்கக் கோரும் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2024இல் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். பாபநாசத்தில் ஆற்றையொட்டி சோப்பு, ஷாம்பு விற்பதைத் தடுக்கச் சொல்லியும் நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டது.

இதே சிக்கலைப் பம்பையும் பார்த்திருக்கிறது. சபரிமலை, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மலை ஏறுகிற, இறங்குகிற அய்யப்ப பக்தர்கள் உடுத்திய துணியைப் பம்பையில் விடுவது வழக்கமாகிப்போனது. நம்மூரிலிருந்து போகிறவர்களும் அதில் கணிசம். அங்கே நடந்த முக்கியமான காரியம், துணி விடுவது சபரிமலை ஆசாரத்தில் சேர்ந்ததே இல்லை என்று கோயில் தரப்பிலிருந்தே திரும்பத் திரும்பச் சொன்னதுதான். கேரள உயர் நீதிமன்றமும் தடைவிதித்தது. தண்டனையைவிட அந்த அறிவிப்புக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பரிகாரம் செய்ய வந்தவரிடம் சுற்றுச்சூழல் பேசினால் காதில் ஏறாது. அர்ச்சகர் சொன்னால் ஏறும். பாபநாசத்தில் திதி கொடுத்துவைப்பவர்கள், ‘துணியைத் தண்ணியில விடாதீங்கம்மா, பிழிஞ்சு இந்தத் தொட்டியில போடுங்க, அதுலயே தோஷம் கழிஞ்சிரும்’ என்று சங்கல்பத்தோடு சேர்த்துச் சொன்னால், பத்துப் பலகை வைப்பதைவிட அது வேலை செய்யும்.

அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நுழைவாயிலில் வைத்தால் பயனில்லை. ஈரத்துணியோடு நிற்கும் ஒருவர் நாலு எட்டில் எட்டும்படி, படித்துறையின் கடைசிப் படியருகே வேண்டும். பக்கத்திலேயே துணி மாற்றும் அறை வேண்டும். பெண்கள் நனைந்த சேலையை நீருக்குள்ளேயே கழற்றிவிடுவதற்கு, மறைவிடம் இல்லாததும் ஒரு காரணம். விசு நாளிலும் அமாவாசை நாளிலும் தொட்டியைப் பகலில் பலமுறை காலிசெய்ய ஆள் வேண்டும். நிரம்பி வழியும் தொட்டியைப் பார்த்தால் மறுபடி ஆற்றில்தான் விடுவார்கள்.

கண்ணாடி பாட்டிலுக்கு வழி ஏற்கெனவே கண்டாகிவிட்டது. நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. சோதனைச் சாவடி இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் இதைத் தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்துச் செய்யலாம். சாவடியில் எண்ணி ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பும்போது எண்ணி வாங்கினால் போதும்.

கடைசியாக, அளப்பது. ஆற்றுநீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறிப்பிட்ட இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சோதிக்கிறது. திருவிழாவின் மாசு இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். மாதத்தில் வேறொரு நாளில் எடுத்த மாதிரியில் அது தெரியவே தெரியாது. சராசரி நன்றாக வரும், ஆறும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் சித்திரை விசுவுக்கும் ஆடி அமாவாசைக்கும் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், பாபநாசம் படித்துறையைத் தாண்டி ஓரிடம். திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒருமுறை, அன்றைக்கு ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை. ஆக்சிஜன், பி.ஓ.டி., கோலிஃபார்ம், அணையிலிருந்து அன்றைக்குத் திறந்துவிட்ட நீரின் அளவு என்று நாலே எண்கள். ஆய்வக முடிவு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைப் பாபநாசம் பேருந்து நிலையத்தில் தமிழில் எழுதி ஒட்டினால், மூன்று இடங்களில் எந்த இடத்தில் தண்ணீர் கெடுகிறது, எந்த ஆண்டு முதல் தேறுகிறது என்பதை அங்கே பஸ்சுக்குக் காத்திருக்கும் எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.